ஹம் மண்டபத்தில் ஓர் ஆஸ்திரேலிய லாக்கப்

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதித் திரையின் அடியில் ஓடவிடுவது என் பிழைப்பு. படம் நன்றாக இருந்தால் இயக்குநரைப் பாராட்டுவார்கள். புரியவில்லை என்றால் என்னைத் திட்டுவார்கள். இப்படிப்பட்டவளை ஜெர்மனிக்கு வரச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்ததும், மதுரையில் இருக்கும் என் தங்கைக்குத்தான் முதலில் சொன்னேன். "நல்லா விசாரிச்சியா? வேற யாருக்கோ அனுப்ப வேண்டியதை உனக்கு அனுப்பிட்டாங்களோ என்னவோ" என்றாள். கூடப் பிறந்தவர்கள் இருப்பது இதற்குத்தான்.

அழைத்தவர்கள் ஹம் நகரத்துத் தமிழர்கள். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்து, தொழிற்சாலையிலும் கடையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்த்து, அங்கேயே பிள்ளை குட்டிகளோடு நிலைத்துவிட்டவர்கள். அவ்வப்போது தேவாலய மண்டபம் ஒன்றை எடுத்து நல்ல படமாகப் பார்த்துப் போடுவார்களாம். இந்த முறை ஓர் ஆஸ்திரேலியப் படம். போலீஸ் லாக்கப்பில் செத்துப்போகும் பழங்குடி இளைஞன் ஒருவனைக் கொன்றது யார் என்று கடைசிவரை தேடவைக்கும் துப்பறியும் கதை. அதற்குத் தமிழ் எழுதியவள் நான். "உங்கள் எழுத்துகளை இங்கே எல்லோரும் விரும்பிப் பார்க்கிறார்கள், நீங்கள் வந்து பேச வேண்டும்" என்று ஜெனி என்ற பெண் எழுதியிருந்தாள். என் எழுத்துகளை யாராவது விரும்பிப் பார்த்ததாக அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. உடனே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார் ஜெர்மனிக்கு வந்ததில்லை என்பது இறங்கிய அன்றே தெரிந்தது. ரயில் தாமதமாக வந்தது, வழியில் நின்றது, ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டது, மறுபடியும் நின்றது. எங்கள் ஊர் ரயிலும் தாமதமாகும், ஆனால் மன்னிப்புக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுக்காது. இங்கே மன்னிப்புக் கேட்கக் கேட்க எனக்குத் தூக்கம்தான் வந்தது. ஹம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கண் விழித்து, எதிரில் இருந்த பெரியவரிடம் இது எந்த ஊர் என்று கேட்டேன். "பீலெஃபெல்ட். ஆனால் அம்மா, அப்படி ஓர் ஊரே உலகத்தில் கிடையாது" என்றார் ஆங்கிலத்தில், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அந்த ஊரை ஜெர்மன்காரர்கள் வெகுகாலமாக இப்படித்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். அப்போது தெரியாது அல்லவா, கொஞ்சம் கலங்கித்தான் போனேன். இல்லாத ஊரில் இறங்கி, உப்புக்கல் ஒட்டிய முறுக்கு ரொட்டி ஒன்றை வாங்கிக் கடித்துக்கொண்டு, எதிர்ப்பக்க ரயிலில் ஹம்முக்குத் திரும்பினேன்.

ஹம் நடைமேடையில் ஜெனியின் அப்பா மரியதாஸ் எனக்காக நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கம்பித் தொழிற்சாலையில் வேலை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் வெட்கத்தில் கேட்கவில்லை. "பரவாயில்லை தங்கச்சி. ஜெர்மனிக்கு வந்த முதல் நாள் நானும் பீலெஃபெல்டுக்குத்தான் போனனான்" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர்கள் எல்லோரும் கூப்பிடுவதைப்போல நானும் அவரை அண்ணை என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

வீட்டில் அவர் மனைவி றீற்றா அக்கா எனக்கு இட்லியும் சாம்பாரும் வைத்தார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாத்திரத்தில் புட்டு ஆவி பறந்தது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் சைவம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாம்பாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. அவர் வாழ்நாளில் முதல் முறையாக எனக்காகவே பாடுபட்டு வைத்த சாம்பார் அது. இரண்டு இட்லி இறங்கியதும், "அக்கா, நான் மதுரைக்காரி. அந்தக் குழம்புல எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். "ஐயோ கடவுளே, முதலே சொல்லியிருக்கலாமே!" என்று தலையில் கை வைத்தார். அவருக்குத்தான் என்னைவிட நிம்மதி.

மரியதாஸ் அண்ணை காலிப் போத்தல்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போன நேரம் பார்த்து, றீற்றா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். ஜெனி பொலிசுக்குப் படிக்கிறாள்."

"நல்ல விஷயம்தானே?"

"வாற வெள்ளிக்கிழமை சத்தியப்பிரமாணம். எல்லாப் பிள்ளையளின்ர தாய் தேப்பனும் வருவினம். இவர் வரமாட்டன் எண்டு நிக்கிறார். உடுப்புக்கூட வீட்டுக்குள்ள வரக்கூடாதாம். பிள்ளை காருக்குள்ள வைச்சு மாத்திப்போட்டுத்தான் மேல ஏறி வாறாள். கதைக்கிறார், சாப்பிட்டியோ எண்டு கேக்கிறார், எல்லாம் செய்யிறார். அந்தக் கதையை எடுத்தால் மட்டும் எழும்பிப் போயிடுவார்."

"ஏன் அக்கா?"

"ஊரில பொலிஸ் பிடிச்சு மறியலில அடைச்சு வைச்சிருந்தது இவரை. அங்க என்ன நடந்தது எண்டு எனக்குக்கூடச் சொன்னதில்லை. கலியாணம் கட்டி இவ்வளவு காலம்." எழுந்து குழம்பை ஒரு தடவை கிளறிவிட்டு வந்தார். "இந்தப் படத்தில ஒரு பொலிஸ் பொம்பிளை வாறாளாம் எல்லே? அவளும் அந்தச் சனத்தில ஒருத்தியாம். அப்பா அதைப் பாத்தால் மனம் மாறுவார் எண்டு பிள்ளைக்கு ஒரு நினைப்பு. தமிழ் எழுத்து இல்லாட்டி அவருக்கு விளங்காது. அதோட, இந்தியாவில இருந்து வந்த ஆள் எங்கட வீட்டில நிண்டால், அந்த மரியாதைக்காக எண்டாலும் மண்டபத்துக்கு வருவார்தானே?"

ஆக, என் எழுத்தின் அருமைக்காக யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு ஆள் படம் பார்ப்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆளும் பார்ப்பாரா என்று தெரியாது. என் தங்கை சொன்னது கிட்டத்தட்ட சரியாகப் போய்விட்டது. இதை மட்டும் அவளிடம் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்து, இன்னும் கொஞ்சம் புட்டு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை மண்டபத்தில்தான் ஜெனியைப் பார்த்தேன். முடியை இழுத்துக் கட்டி, நிமிர்ந்து நடக்கிற பெண். பத்து மணிக்கு வருகிறேன் என்றால் பத்து மணிக்கு வருகிறவள். "அன்ரி, மெயிலில நான் எழுதினது முழுக்கப் பொய் இல்லை. பாதி உண்மை" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பாதி என்று கேட்காமல் விட்டது என் பெருந்தன்மை.

படம் போடும் வேலை முழுவதும் குணம் அண்ணை கையில். கூட்டம், கலியாணம், இழவு எதுவாக இருந்தாலும் ஹம்மில் மைக் அவர் கையில்தான் இருக்குமாம். மேடையோரம் ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, குத்துவிளக்கு வைத்து, பின்னால் பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டு, பூமாலை சாத்தியிருந்தார். யார் என்று கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் படத்தில் செத்துப்போகிற இளைஞன்.

"அண்ணே, இவர் நடிகர். உயிரோட இருக்கார்."

"கதையில செத்தவர்தானே?" என்றார் குணம் அண்ணை, விளக்குக்குத் திரி போட்டபடியே. "செத்த ஆளுக்கு ஒரு பூவாவது வைக்காமல் எப்பிடிப் படத்தைப் போடுறது? எங்களுக்கு ஒரு முறை இருக்கு."

"அவங்களுக்கும் ஒரு முறை இருக்கு" என்றேன். படம் தொடங்கும்போதே ஓர் அறிவிப்பு வரும். அந்தப் பழங்குடிகளில் பல பிரிவினர், ஒருவர் இறந்துபோனால் துக்கக்காலம் முடியும்வரை அவர் பெயரைச் சொல்வதில்லை, படத்தை எடுத்துப் பார்ப்பதுமில்லை. இறந்தவர்களின் முகமோ குரலோ வரக்கூடும் என்று அவர்களை முன்கூட்டியே எச்சரிக்கும் அறிவிப்பு அது. இதைத் தமிழில் இரண்டு வரிக்குள் அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தேநீர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்த மரியதாஸ் அண்ணை நின்றார். "பேரும் சொல்லக்கூடாதோ?"

"கொஞ்ச காலத்துக்குச் சொல்ல மாட்டாங்க, அண்ணை."

"நல்ல வழக்கம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குணம் அண்ணை மனமில்லாமல் படத்தை எடுத்தார். மாலை வீணாகக்கூடாது என்று மாதா சுரூபத்துக்குப் போட்டார். அடுத்த சண்டை இடைவேளை பற்றி. இந்தப் படத்தில் இடைவேளை கிடையாது என்றேன். மண்டபமே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. "அப்ப சனம் எப்ப றோல்ஸ் சாப்பிடுறது?" என்று கேட்டார். றோல்ஸ் என்பது இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த பலகாரம். துப்பறியும் படத்தை நடுவில் நிறுத்தினால் விறுவிறுப்பு போய்விடும் என்று எவ்வளவோ சொன்னேன். "றோல்ஸ் ஆறினால் ஒண்டுக்கும் உதவாது அக்கா" என்றார். அதுவும் நியாயம்தான்.

படம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை. விளக்கேற்றினார்கள். இறந்தவர்களுக்காக எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். இதைக் காலகாலமாகப் பழகியவர்கள் நிற்கிற நிற்பு வேறு. ஒரு குழந்தைகூட அசையவில்லை. பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாலு வார்த்தை பேசினேன். ஐந்தாவது வார்த்தைக்குக் குணம் அண்ணை மைக்கை வாங்கிக்கொண்டார். முன்வரிசையில் றீற்றா அக்கா தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துக் கணவருக்கு இடம் பிடித்திருந்தார். அவரோ, "நான் தேத்தண்ணிக்கு நிக்கிறன்" என்று சமையலறையைவிட்டு வரவே இல்லை. ஜெனி பின்சுவரில் சாய்ந்து அந்தக் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை இதுதான். வறண்ட, சின்ன ஊர். அபராதம் கட்டாத குற்றத்துக்காக ஒரு பழங்குடி இளைஞனைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். காலையில் பார்த்தால் பிணம். நகரத்திலிருந்து விசாரிக்க வரும் போலீஸ்காரியும் அதே இனத்துப் பெண். நிலையத்தில் ஆளுக்கொரு பொய் சொல்கிறார்கள். முன்கோபக்கார சார்ஜன்ட் ஒருவர் இருக்கிறார். அவர்தான் அடித்துக் கொன்றிருப்பார் என்று நமக்குத் தோன்றும்படி எல்லாம் அமைத்திருப்பார்கள். அந்த சார்ஜன்டுக்கு நான் எழுதியிருந்தது எங்கள் ஊர் ஏட்டையாவின் தமிழ். எனக்குத் தெரிந்த ஒரே போலீஸ் பாஷை அதுதான். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி, "என்னடா முறைக்கிறே?" என்றதும் மண்டபம் முழுவதும் சிரித்தது. சோகக் காட்சி அது. இருட்டில் எனக்குக் காது சுட்டது.

பிணத்தைக் கண்டுபிடித்த இடத்தில் குணம் அண்ணை விளக்கைப் போட்டுவிட்டார். "இடைவேளை! றோல்ஸ், கட்லட், தேத்தண்ணி எல்லாம் இருக்கு. தள்ளுப்படாமல் வாங்கோ!"

அந்த வரிசையில் நடந்ததைத் திரைக்கதை எழுதியவர் கேட்டிருந்தால் தொழிலை விட்டிருப்பார். முன்னால் நின்றவர் றோல்ஸைக் கடித்தபடி, "தூக்குப் போட்டவன் எண்டு எழுதுவாங்கள்" என்றார். "இல்லை, நெஞ்சு வருத்தம் எண்டு எழுதுவாங்கள். அதுக்குச் சாட்சி தேவையில்லை" என்றார் அடுத்தவர். "கமராப் பதிவை அழிச்சிருப்பாங்கள்" என்றார் ஒரு அக்கா. "டொக்டர் எங்கை? முதல் டொக்டரைப் பிடிக்கவேணும்" என்று இன்னொருவர். எழுத்தர் பொய் சொல்வார், டாக்டர் கையெழுத்துப் போடுவார், கேமராப் பதிவு காணாமல் போகும் என்று இரண்டாம் பாதிக்குள் ஒளித்துவைத்திருந்த எல்லாவற்றையும் கையில் பேப்பர் தட்டோடு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். யாருக்கும் பதற்றமில்லை. மிளகாய்ச் சோஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"உங்கட நாட்டில என்ன சொல்லுறவை?" என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்னு சொல்வாங்க."

"அது நல்லாயிருக்கே" என்றார் முன்னால் நின்றவர், மெய்யாகவே யோசித்தபடி. அவர்களோடு நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வாயில் இருந்த கட்லட் இறங்கவில்லை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மரியதாஸ் அண்ணை தேநீர் வடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, படத்தில ஒரு சத்தம் கேட்டுதே. ரீங், ரீங் எண்டு. திரும்பத் திரும்ப. அது என்ன?"

"அவன் அறையில இருக்கிற மணி அண்ணை. உதவி வேணும்னா அழுத்தணும்."

"அழுத்தினால் வருவினமோ?"

முடிவை யாருக்கும் சொல்வதில்லை என்பது என் தொழிலின் ஒரே ஒழுக்கம். "வந்து மீதியைப் பாருங்களேன்" என்றேன்.

"வரமாட்டினம்" என்றார் அவர். "உங்கட பொலிஸ் பொம்பிளை இனி அடிச்சவனைத் தேடித் திரிவாள். அடிச்சவன் எண்டு ஒருத்தனும் இல்லை. அந்தப் பெடியன் கூப்பிட்டிருக்கிறான். ஒருத்தரும் போகேல்லை. மணியை நிப்பாட்டிப்போட்டு இருந்திருப்பாங்கள். அவ்வளவுதான் கதை."

படத்தின் முடிவு அட்சரம் பிசகாமல் அதுதான். இத்தனைக்கும் மனுசன் ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை.

அவர் அடுத்த கோப்பையை நிரப்பினார். "என்ர பக்கத்து அறையில ஒருத்தர் இருந்தவர். தொய்வு வருத்தம், மூச்சு எடுக்கேலாது. ஐயா, ஐயா எண்டு கூப்பிட்டவர். நானும் சேர்ந்து கத்தினனான், தொண்டை கிழிய. அவங்கள் றேடியோவில கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தவங்கள். ஒருத்தன் வந்து எட்டிப் பாத்திருந்தால் போதும். ஒருத்தன். பிறகு அவர் கூப்பிடுறதை நிப்பாட்டிட்டார்." வடிகட்டியைத் தட்டித் தேயிலைச் சக்கையைக் கொட்டினார். "சத்தம் நிண்ட பிறகுதான் தங்கச்சி எனக்குப் பயம் வந்தது. அவங்களுக்கு அது நிம்மதியாப் போச்சுது."

எந்த ஊர், எந்த நிலையம், அந்த மனிதர் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பினால் கதவருகில் ஜெனி காலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது. மரியதாஸ் அண்ணை அவளைப் பார்க்காமலே நிரம்பிய கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டாம் பாதியை அவர் பார்த்தார். நாற்காலிக்கு வரவில்லை. சமையலறை வாசலில், தோளில் துணியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே பார்த்தார்.

படம் முடிந்து கலந்துரையாடல். யாருக்கும் படத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லாததால் குணம் அண்ணை மைக்கை ஜெனியிடம் நீட்டினார். "பிள்ளை, நீயும் பொலிஸ்தானே. சொல்லு பாப்பம். உங்கட இடத்தில இப்பிடி நடந்தால் என்ன செய்வாய்?"

ஜெனி மைக்கை வாங்கிக்கொண்டாள். "உள்ளுக்கு ஒரு ஆளை வைச்சிருந்தால் அடிக்கடி போய்ப் பாக்கவேணும். மணி அடிச்சால் கட்டாயம் போகவேணும். எங்களுக்கு அப்பிடித்தான் படிப்பிக்கினம். அது இங்க சட்டம்."

"அங்கையும் சட்டம் இருந்தது" என்று பின்னாலிருந்து மரியதாஸ் அண்ணை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். ஜெனிக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. குணம் அண்ணை அவசரமாக நன்றியுரைக்குப் போனார்.

அன்று மாலை ஜெனியும் எங்களோடு வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஜெனிமேல் இரக்கமாக இருந்தது. கோபமும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நாலு பேரும் ஆளுக்கொரு தட்டில் மிஞ்சிய கட்லட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜெனி தான் தங்கியிருக்கும் இடத்துக்குத் திரும்பும்போது வாசலில் செருப்பைப் போட்டபடி சொன்னாள். "நாளைக்கு எங்கட நிலையத்தில திறந்த நாள், அப்பா. யாரும் வந்து பாக்கலாம். நானும் நிப்பன்." அவர், "குளிருது, ஜக்கெற்றைப் போடு" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறோம் என்றுதான் நானும் றீற்றா அக்காவும் நினைத்தோம். மரியதாஸ் அண்ணை காரை வேறு பக்கம் திருப்பினார். றீற்றா அக்கா வாயைத் திறந்தார். பின்னாலிருந்து அவர் தோளை லேசாக அழுத்தினேன். மூடிக்கொண்டார்.

போலீஸ் நிலையத்துக்கு இவ்வளவு சனம் சந்தோஷமாகப் போய் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் நிலையம் இருக்கும் பக்கம் ஆட்டோகூடக் கொஞ்சம் விலகித்தான் போகும். இங்கே குழந்தைகள் போலீஸ் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து அழுத்தமாக ஹாரன் அடித்தார்கள். நாயைத் தடவிப் பார்க்க ஒரு வரிசை, சுட்ட சொசேஜுக்கு ஒரு வரிசை. நானும் ஒன்று வாங்கினேன். ரொட்டி குழந்தையின் உள்ளங்கை அளவு, சொசேஜ் அதற்கு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதற்கு ரொட்டி என்று பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கேட்டேன். "கை சுடாமல் பிடிக்க" என்றார். இன்னொரு வரிசை கட்டடத்துக்குள் போனது. என்னவென்று கேட்டால், லாக்கப் பார்க்கவாம். ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நின்றார்கள்.

மரியதாஸ் அண்ணை நேராகப் போய் அந்த வரிசையில் நின்றார். அவர் பின்னால் றீற்றா அக்கா, அக்கா பின்னால் நான்.

உள்ளே மீசை வைத்த ஓர் அதிகாரி எல்லோருக்கும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சீருடையில் ஜெனி. அந்த உடுப்பில் மகளை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவரைக் கண்டதும் ஜெனி நிமிர்ந்து நின்றாள். அவர் உடுப்பைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் திறந்திருந்த கதவைத்தான் பார்த்தார்.

சின்ன அறை. வெள்ளை ஓடு பதித்த சுவர், சுவரோடு சேர்ந்த திண்டு, மேலே விளக்கு, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பித்தான். "இதை அழுத்தினால் இங்கே விளக்கு எரியும், மணி அடிக்கும்" என்று அதிகாரி வெளியே இருந்த பலகையைக் காட்டினார். "விரும்பினால் உள்ளே போகலாம். காலையிலிருந்து பிள்ளைகள் எல்லாம் போய் வருகிறார்கள்."

மரியதாஸ் அண்ணை உள்ளே போனார். திண்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஜெனி, கதவைப் பூட்டு."

"அப்பா..."

"பூட்டம்மா."

அவள் அதிகாரியிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, தாராளமாக என்று கை காட்டினார். கனமான கதவு. ஜெனி மூடிச் சாவியைத் திருப்பினாள். றீற்றா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் என் விரல்கள் வலித்தன, நான் விடுவிக்கவில்லை.

அதிகாரி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போது அழுத்துவார் பாருங்கள். எல்லோரும் அழுத்துவார்கள்." நாங்களும் பலகையைப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பையனின் அப்பா, இன்னும் எவ்வளவு நேரம் என்று முணுமுணுத்தார். மனுசனுக்கு உள்ளே என்ன ஆகிறதோ என்று, கத்திக் கூப்பிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. அதிகாரி, "அவருக்குப் பித்தான் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?" என்று ஜெனியைக் கேட்டார்.

ஜெனி கதவருகே போனாள். சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தாள்.

மரியதாஸ் அண்ணை இருந்த இடத்தில் அப்படியே இருந்தார். கை முழங்காலிலேயே இருந்தது. தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார்.

"நான் கூப்பிடேல்லையே" என்றார்.

"ஓம் அப்பா. நீங்கள் கூப்பிடேல்லை" என்றாள் ஜெனி. "அதுதான் திறந்தனான்."

றீற்றா அக்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு விம்மினார். மீசை அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மரியதாஸ் அண்ணை மெல்ல எழுந்து வெளியே வந்தார். மகளுக்கு எதிரில் நின்று, அப்போதுதான் அவள் உடுப்பைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தோள்பட்டையில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை விரலால் எடுத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்கு நான் கோட் போடவேணுமோ, சேட்டு மட்டும் போதுமோ?" என்று கேட்டார்.

"சேட்டே போதும் அப்பா" என்றாள்.